படியருகே நிற்பவர்

ஏறி வருபவர்கள் கழற்றிக் கொடுக்கும் செருப்புகளை இரண்டு கையாலும் வாங்கிப் பிரம்புக் கூடையில் ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருப்பார். "பாத்து வாங்க, படி வழுக்கும்" என்பார். குதிகால் உயர்ந்த செருப்பாக இருந்தால் சாய்ந்துவிடாமல் கூடையின் ஓரத்தில் சார்த்தி வைப்பார். யாராவது கைப்பையையும் சேர்த்து நீட்டினால் அதையும் வாங்கிக்கொள்வார். காலி டம்ளரை நீட்டினாலும் அப்படித்தான். விருந்தினர் எல்லோரும் உள்ளே போனதும் கையைத் துடைத்துக்கொண்டு, குறுகலான பின்படி வழியாக மேலே போய்க் கப்பலைக் கிளப்புவார். அவர்தான் கேப்டன்.

விளம்பரத்தில் சொகுசுப் படகு என்று போடுவார்கள். நாங்கள் கப்பல் என்றுதான் சொல்வோம். மூன்று தளம், பளிங்குக் குளியலறை, மேலே ஒரு சின்ன நீச்சல் தொட்டி. சுற்றிலும் கடல் இருக்கும்போது நீச்சல் தொட்டி எதற்கு என்று நான் கேட்டதற்கு, "கடல்ல உப்பு இருக்குல்ல" என்றார் கேப்டன். தரையெல்லாம் தேக்கு. அதில் கீறல் விழக் கூடாதென்று எத்தனை பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் வெறுங்காலோடுதான் நடமாட வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவது நம் வீட்டுப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். பணம் ஓர் அளவைத் தாண்டிப் போனால் எல்லோரும் அந்தப் பழக்கத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

கப்பலின் பின்னால் பறக்கிற கொடி ஒரு குட்டி நாட்டினுடையது. அங்கே வரி குறைவு என்பதால் கப்பலை அங்கே பதிந்திருக்கிறார்கள். சொந்தக்காரர் வேறொரு நாட்டவர். வேலை செய்கிற நாங்கள் ஆளுக்கொரு ஊர். கப்பலில் இருக்கும் ஒருவர்கூட அந்தக் கொடிக்குரிய நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. "உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் கேப்டன் பின்பக்கம் கையைக் காட்டுவார். "சட்டப்படி அதுதாங்க. போனதில்லை. நல்ல ஊருன்னு சொல்றாங்க."

நான் அங்கே சமையல்காரி. விருந்தினர் முன்னால் அவரை சார் என்பேன்; சமையலறையில் அண்ணே. குட்டையான மனிதர். வழுக்கை முழுதாக வந்துவிடவில்லை. வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவார். கீழே இருக்கும்போது எங்கே நிற்பது என்று தெரியாதவர் போல சுவரோடு சுவராக ஒட்டி நடப்பார். கப்பலை ஓட்டும் சுக்கான் அறைக்குப் போய்விட்டால் ஆளே வேறு. நெருக்கமான துறையில் கப்பலைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து செருகும்போது அதனோடு பேசிக்கொண்டே இருப்பார். "வாம்மா. அவசரம் என்ன, யாரு தொரத்துறா? இடுப்பை ஒடிச்சுக்காத. அப்படித்தான். போதும், நில்லு." அத்தனை பெரிய கப்பல் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

மாட்டேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. அதற்குப் பதிலாக "பாத்துக்கலாம்" என்பார். ஒத்துக்கொண்டால் "ஆகட்டும்". இந்த வித்தியாசம் கப்பலில் எல்லோருக்கும் தெரியும். தமிழே தெரியாத எங்கள் துணை கேப்டன்கூட இந்த இரண்டு சொல்லையும் கற்றுவைத்திருந்தான். அவனுடைய பேச்சையும் எங்கள் கம்பெனியின் ஆபீஸ் மேடத்தின் பேச்சையும் இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு அதுதான் சௌகரியம்.

துணை கேப்டனை நாங்கள் தாடி என்போம். ஆறடிக்கு மேல் உயரம், பொன்னிறத் தாடி, கடலைப் பார்த்தால் கடலே கொஞ்சம் கூச்சப்படும் மாதிரியான நீலக் கண். நல்ல பையன். கேப்டனிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்த ஒரே குறை, அவன் கேப்டன் மாதிரி இருந்ததுதான்.

கப்பலை வாடகைக்கு விடும் கம்பெனிக்கு விருந்தினர்களிடமிருந்து குறை வந்துகொண்டே இருந்திருக்கிறது. எல்லாம் பிரமாதம், ஆனால் கேப்டனைக் கடைசிவரை பார்க்கவே முடியவில்லை என்று. செருப்பை வாங்கிக்கொண்டவர் அவர்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆபீஸ் மேடம் ஒருநாள் கப்பலுக்கே வந்துவிட்டார். நயமாகப் பேசத் தெரிந்தவர்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல, கேப்டன். ஆனா விருந்தாளிங்க மனசுல ஒரு படம் இருக்கு. அதுக்கு ஏத்த மாதிரி நாம இருந்தா அவங்களுக்குத் திருப்தி. படியில வரவேற்கிறது, ராத்திரி சாப்பாட்டுல கூட உக்கார்றது, போட்டோ எடுத்துக்கிறது, இதையெல்லாம் தாடி பாத்துக்கட்டுமே. ஓட்டுறது நீங்கதான், பொறுப்பு நீங்கதான். அதுல மாற்றமே இல்ல."

கேப்டன் "ஆகட்டும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வெங்காயத்தைத் தேவைக்கு மேல் அரிந்துவிட்டேன். அவர் சமையலறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து டீ கேட்டார். முகத்தில் ஒரு நிம்மதி.

"என்னண்ணே இது, இப்படியா ஒத்துக்குவீங்க?"

"நீ வேற. ராத்திரி சாப்பாட்டுல அவங்க கூட உக்காந்து, கடல்ல என்ன அதிசயம் பாத்தீங்கன்னு கேக்கும்போதெல்லாம் திமிங்கலக் கதை சொல்ல என்னால முடியாதும்மா. அந்தப் பாவத்தை அவன் சுமக்கட்டும்."

தாடிதான் சங்கடப்பட்டான். தோளில் கேப்டனுக்குரிய நான்கு தங்கப் பட்டி வைத்த கோட்டு அவனுக்குத் தைத்து வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கேப்டன் முன்னால் வந்து தலைகுனிந்து நின்றான். கேப்டன் அவனைச் சுற்றிவந்து பார்த்து, "கைய பின்னால கட்டிக்க. அப்பதான் ஒண்ணும் தெரியாதது வெளிய தெரியாது" என்றார்.

கேப்டனின் வீட்டில் அத்தனை சுலபமாக முடியவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் கம்பெனியின் விளம்பரப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். 'எங்கள் கேப்டன்' என்ற இடத்தில் தாடி சிரித்துக்கொண்டிருந்தான். போனில் அவள் போட்ட சத்தம் சமையலறையில் நின்ற எனக்கே கேட்டது.

"அப்பா, உங்க போட்டோ எங்க?"

"லைசன்ஸ்ல இருக்குடா."

"அதை யாருப்பா பாப்பா? என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எங்கப்பா கேப்டன்னு சொல்லியிருக்கேன். இதைப் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"அப்பாவுக்குத் தாடி வளந்துருச்சுன்னு சொல்லேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் டீயை ஆறவிட்டுவிட்டு, குடிக்காமலே மேலே போய்விட்டார்.

அடுத்த மாதம் ஒரு தமிழ்க் குடும்பம் கப்பலை வாடகைக்கு எடுத்தது. பெரிய இரும்பு வியாபாரி, அவர் மனைவி, கூட நான்கைந்து நண்பர்கள். ஆபீஸ் மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. போனிலேயே கேப்டனைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆளுங்க வர்றாங்க. நீங்க கீழ வந்து அவங்க பாஷையில பேசுங்க. அவங்க கலாசாரம் இங்கயும் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். இது நாம தர்ற தனிச் சேவை. ஒண்ணே ஒண்ணு, தோள்ல பட்டி வேண்டாம். ரெண்டு கேப்டன் இருந்தா குழப்பமாயிடும்."

ஆக, முகம் சரியில்லை என்று மேலே அனுப்பப்பட்டவர், அதே முகத்துக்காகக் கீழே அழைக்கப்பட்டார். வெறும் வெள்ளைச் சட்டையோடு படியருகே நின்றார். இரும்பு வியாபாரி ஏறி வந்தார். கனத்த உடம்பு, விரலில் பச்சைக்கல் மோதிரம், பேச்சில் நல்ல மனசு. "பாத்து வாங்க, படி வழுக்கும்" என்ற குரலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்மாளு. எந்த ஊருப்பா உனக்கு?"

கேப்டன் பின்பக்கம் கொடியைக் காட்டினார். வியாபாரிக்கு அது புரியவில்லை. தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுச் செருப்பை நீட்டினார்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் தாடி மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தான். கேப்டன் சுவரோரம் நின்று, யாருக்கு என்ன வேண்டும் என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். வியாபாரி நன்றாகப் பேசுகிறவர்.

"நம்மாளுங்க கிட்ட மூளை இருக்கு, உழைப்பு இருக்கு. ஆனா முன்னால வந்து நிக்க மாட்டேங்கிறான். எத்தனை நாளைக்கு இவங்ககிட்டயே கை கட்டி நிக்கிறது? நம்மாளு ஒருத்தன் இந்த மாதிரி ஒரு கப்பலுக்குக் கேப்டனா வரணும். அதை என் கண்ணால பாக்கணும். என்னப்பா, நான் சொல்றது சரிதான?"

"ரொம்பச் சரிங்க" என்றார் கேப்டன்.

"சரின்னா மட்டும் போதாது. நீயெல்லாம் படிச்சிருக்கணும். சரி, கொஞ்சம் தண்ணி ஊத்து."

ஊற்றினார். வியாபாரியின் மனைவி மட்டும் தண்ணீர் ஊற்றுகிற கையைப் பார்த்தார். கப்பல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தாடியின் டம்ளரில்கூட ததும்பியது. இவர் ஊற்றியது ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த அம்மாள் தன் டம்ளரையும் நீட்டினார்.

சமையலறைக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "நான்தாங்க கேப்டன்னு ஒரு வார்த்தை சொல்ல என்னண்ணே கேடு?"

"அவ்வளவு ஆசையாப் பேசிட்டிருக்காரு மனுஷன். நடுவுல போய்க் கெடுக்கணுமா?" என்றார். பிறகு, "சொல்லியிருந்தா நம்பியிருப்பாருங்கிற?" என்று கேட்டார்.

அதே சாப்பாட்டில்தான் வியாபாரி ஒரு குடாவைப் பற்றி ஆரம்பித்திருந்தார். எங்கோ படத்தில் பார்த்தாராம். மூன்று பக்கமும் பாறை, நடுவில் பச்சை மணி போலத் தண்ணீர். அங்கே கப்பலை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் அடியில் இருக்கும் கடல்புல். மீன் குஞ்சு பொரிப்பது அதில்தான். நங்கூரம் விழுந்தால் புல் வேரோடு பிய்ந்துவிடும். அது திரும்ப முளைப்பதற்குள் நமக்கெல்லாம் பேரன் பேத்தி வந்துவிடுவார்கள். நங்கூரம் போடக் கூடாது என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, காற்று திசை மாறினால் உள்ளே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கேப்டன் சுவரோரத்திலிருந்தே "பாத்துக்கலாம்ங்க" என்றார். வியாபாரி அதை உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியலுக்கு முன்பிருந்தே கேப்டன் சுக்கானில் நின்று கப்பலைக் கொண்டுவந்து, அந்தக் குடாவுக்கு வெளியே, மணல் அடியாக இருந்த இடத்தில் நங்கூரம் போட்டார். மதியம் படுக்கப் போகுமுன் தாடியிடம் சொன்னார்: "இங்கேயே இருக்கட்டும். குளிக்கிறவங்க குளிக்கட்டும். காத்து மாறினா என்னை எழுப்பு." எழுப்பத் தேவைப்படாது என்ற நம்பிக்கையில், பனியனும் அரைக்கால் சட்டையுமாகப் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை தாடியே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். வியாபாரியும் நண்பர்களும் சுக்கான் அறைக்கே ஏறி வந்துவிட்டார்கள். கண்ணுக்கு முன்னால் குடா தெரிகிறது. "நேத்தே உங்க ஆளு சரின்னு சொல்லிட்டானே, கேப்டன். ஒரு அரைமணி நேரம். என்ன ஆயிடப்போகுது?" தாடிக்கு அது கூடாதென்று தெரியும். பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பதும் தெரியும். "கேட்டுட்டு வர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் கேப்டனாக நிற்பவன் யாரைப் போய்க் கேட்பான்? அத்தனை இரவுச் சாப்பாட்டில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, தனக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நங்கூரத்தைத் தூக்கினான். குடாவுக்குள் போனான். பச்சைத் தண்ணீரில் நங்கூரத்தைப் போட்டான். கப்பலின் பின்பக்கத்தில், கொஞ்ச தூரத்தில், ஒரு வயதான மீனவர் தன் சின்னப் படகிலிருந்து வலையை விட்டிருந்தார். அவர் எழுந்து நின்று ஏதோ கத்தினார். மேலே இருந்தவர்கள் கையசைத்தார்கள்.

படம் எடுத்து முடிப்பதற்குள் காற்று மாறியது. புல்லில் கொக்கி போட்டிருந்த நங்கூரம் பிடி விட்டது. சங்கிலி அடியில் உரசுகிற சத்தம் சமையலறையில் தட்டுகளை நடுக்கியது. நான் தட்டுகளைப் பிடிப்பதா, என்னைப் பிடிப்பதா என்று நின்றபோது, கேப்டன் வெறுங்காலோடு பின்படியில் ஓடுவதைப் பார்த்தேன். கையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நானும் ஏன் ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சுக்கான் அறையில் தாடி வெளிறிப்போய் நின்றான். கேப்டனின் உயரமான நாற்காலியில் வியாபாரி உட்கார்ந்திருந்தார். பனியனோடு உள்ளே வந்தவரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"தம்பி, இங்கெல்லாம் வரக் கூடாது. கேப்டன் வேலையா இருக்காரு பாரு."

"கொஞ்சம் எந்திரிங்க" என்றார் கேப்டன்.

குரலில் கோபம் இல்லை. கப்பலோடு பேசும் அதே குரல். வியாபாரி எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நிலைமை இதுதான். காற்று கப்பலைப் பின்பக்கமாகப் பாறையை நோக்கித் தள்ளுகிறது. இன்ஜினை முழு வேகத்தில் முன்னால் கொடுத்தால் தப்பித்துவிடலாம். ஆனால் மீனவரின் வலை அதற்குள் கப்பலின் அடிக்கு வந்துவிட்டது. இன்ஜின் விசிறி சுழன்றால் வலையை இழுக்கும். வலையின் மறுமுனை அந்தப் படகில் கட்டியிருக்கிறது. கிழவர் முடிச்சோடு போராடிக்கொண்டிருக்கிறார்.

"இன்ஜினைக் கொடுங்க சார்" என்றான் தாடி. "பாறை வந்துருச்சு."

"அந்தாளு கழட்டட்டும்."

"கப்பல் இடிச்சிரும்."

"இடிக்கட்டும். ரப்பர் உருளையெல்லாம் பின்னால இடதுபக்கம் தொங்கவிடச் சொல்லு. நீ ஓடு, நீயே போ."

தாடி ஓடினான். நண்பர்களில் ஒருவர், கம்பெனிக்குப் போன் செய்யப்போவதாகச் சொன்னார். வியாபாரி, தாடி ஓடிய பக்கம் கையைக் காட்டி, "என்ன பண்ற நீ? அவரு சொல்றதைக் கேளு, அவருதான் கேப்டன்" என்றார். கேப்டன் ஒலிபெருக்கியை எடுத்தார். அந்த ஊர் மொழியில் அவருக்குத் தெரிந்தது நான்கைந்து சொல்தான். அவற்றை வைத்துக்கொண்டே, மெதுவாக, அவசரமில்லை, அவசரமில்லை என்று கிழவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கிழவர் பதிலுக்குக் கத்தியதில் வார்த்தை எதுவும் எனக்குப் புரியவில்லை. திட்டு என்பது புரிந்தது. கேப்டனின் வலது கை இன்ஜின் கைப்பிடி மேல் இருந்தது. அது அசையவே இல்லை. வியாபாரியின் மனைவி வாசலில் நின்று அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் பேச்சைக் கேளுங்க" என்றார் அந்த அம்மாள் தன் கணவரிடம். "இவர்தான் கேப்டன்."

கப்பலின் பின்பக்கம் பாறையில் உரசியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பல்லால் கேட்கிற சத்தம் அது. அதே நேரத்தில் கிழவர் முடிச்சை அறுத்துவிட்டுத் துடுப்பைப் போட்டு விலகினார். அவர் விலகியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தக் கை முன்னால் போனது. வலை விசிறியில் சிக்கி, ஒரு இன்ஜின் முக்கி நின்றது. மற்றொன்றை வைத்து, "வாம்மா, வாம்மா, வலிக்குதா, வா" என்று சொல்லிச் சொல்லிக் குடாவுக்கு வெளியே கொண்டுவந்தார். வெளியே வந்ததும்தான் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். என் கையிலிருந்த துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

துறைமுகத்தில் ஆபீஸ் மேடம் காத்திருந்தார். கப்பலின் வெள்ளைப் பக்கத்தில் ஆள் நீளத்துக்குப் பல வரிகளாகக் கீறல். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "சுக்கான் யார் கையில இருந்துச்சு?"

தாடி வாயைத் திறந்தான். அவனை முந்திக்கொண்டு கேப்டன், "என் கையிலதான்" என்றார்.

"குடாவுக்குள்ள போகச் சொன்னது யாரு?"

இரும்பு வியாபாரி கடற்காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல் என் பொறுப்பு, மேடம். நான் தூங்கினாலும் என் பொறுப்புதான். நீங்களே சொல்லியிருக்கீங்க."

தாடி அவரைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கெஞ்சினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் உண்மையைச் சொல்லிடுறேன் சார்." அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் கோபப்பட்டு நான் பார்த்தேன். "சொல்லு. சொல்ல வேண்டிய எடத்துல, விசாரணையில, கேட்டா சொல்லு. பொய் சொல்லாத. ஆனா இங்க நின்னு எல்லார் முன்னாடியும் அழுது பேரைக் கெடுத்துக்காத. எனக்கு இந்த வேலையில கொஞ்ச காலந்தான் பாக்கி. உனக்கு ஆயுசு பூரா கடல்தான். போ, முகத்தைக் கழுவு."

வியாபாரி போவதற்கு முன்னால் கேப்டனைத் தேடிக்கொண்டு வந்தார். விஷயம் முழுதும் அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வருத்தம்தான்; தான் ஏமாற்றப்பட்டதில்.

"நீங்கதான் கேப்டன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க எவ்வளவு பெருமைப்பட்டிருப்போம்? இப்படி மறைக்கலாமா?" என்றார். நீ, நீங்கள் ஆகியிருந்தது. கேப்டனை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அதற்காக மேடமே உள்ளே போய் கேப்டனுடைய நான்கு பட்டி வைத்த சட்டையை எடுத்துவந்து கொடுத்தார். வியாபாரியின் மனைவி படத்துக்கு நிற்கவில்லை. கூடையிலிருந்து தன் செருப்பைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேப்டனிடம் வந்து, "அந்தப் பெரியவர் பத்திரமாப் போயிட்டாரா?" என்று கேட்டார். அன்று முழுக்க அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"போயிட்டாரும்மா. வலை போச்சு. கம்பெனியைக் குடுக்க வைக்கணும்" என்றார் கேப்டன்.

துறைமுக விசாரணை நடந்தது. தாடி, அவர்கள் கேட்டபோது உண்மையைச் சொன்னான்; அவனைக் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். கேப்டனின் லைசன்ஸை அந்தச் சுற்றுலாப் பருவம் முடியும்வரை நிறுத்திவைத்தார்கள். தூங்கப் போனவர், சரியான ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை என்பது குற்றம். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்று ஒத்துக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் துணி காயப்போடும் கயிற்றை எல்லாம் அவிழ்த்து, கப்பல் முடிச்சாகப் போட்டுவிட்டாராம். அவர் மனைவி எனக்குப் போன் செய்து, "இவரைச் சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க, ஒரு துணியையும் எடுக்க முடியல" என்றார். மீனவருக்குப் புது வலை போனது. கம்பெனி அதைச் சுலபத்தில் தரவில்லை; கேப்டன் தினம் ஒரு போன் செய்து, பாத்துக்கலாம் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் மறுபடி போன் செய்து வாங்கினார். எதிராளி வாயிலிருந்து வரும்போது அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

விசாரணை அறிக்கையில் இன்னொரு உத்தரவும் இருந்தது. ஆபத்து நேரத்தில் கப்பலில் இருந்தவர்களுக்குக் கேப்டன் யார் என்றே தெரிந்திருக்கவில்லை. ஆகவே, பொறுப்புள்ள கேப்டனின் படத்தை ஏறுகிற இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். ஆபீஸ் மேடத்துக்கு அவசரம். சீருடையில் அவர் இருக்கிற படம் கம்பெனியில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் இரும்பு வியாபாரி எடுத்த படத்தையே வாங்கி, வியாபாரியை வெட்டி எடுத்துவிட்டு, சட்டம் போட்டு மாட்டினார்கள். முழுதாக வெட்ட முடியவில்லை. கேப்டனின் தோளில், நான்கு தங்கப் பட்டிக்குப் பக்கத்தில், பச்சைக்கல் மோதிரம் போட்ட இரண்டு விரல் இன்றைக்கும் இருக்கிறது.

மகளுக்கு அந்தப் படத்தை அனுப்பிவைத்தார். "இப்பவாவது போட்டாங்களே" என்று அவள் சந்தோஷப்பட்டாள். எதனால் போட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. விரல் யாருடையது என்று கேட்டதற்கு, "வேண்டியவங்க" என்றிருக்கிறார்.

போன வாரம் புதுப் பருவத்தின் முதல் விருந்தினர்கள் வந்தார்கள். தாடி கயிறு கட்டிக்கொண்டிருந்தான்; கோட்டுப் போடுவதை அவன் விட்டுவிட்டான். ஒரு பெண்மணி மூச்சிரைக்க ஏறி வந்தார். வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்த மெல்லிய பட்டுத்துணியை அவிழ்த்து, எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்து, படத்தின் மூலையில் மாட்டிவிட்டு உள்ளே போனார். கேப்டனின் முகம் முழுதும் துணிக்குள் மறைந்துபோனது. எடுப்பதற்காகத் தாடி கையை நீட்டினான். செருப்புக் கூடையருகே நின்ற கேப்டன் வேண்டாம் என்று தலையசைத்தார். காற்று ஏறிக்கொண்டிருந்தது, துணி படபடத்தது. அது கடலில் பறந்துவிடாதபடி அதன் இரண்டு நுனியையும் சேர்த்து, சட்டம் தொங்கும் ஆணியில் ஒரு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, பின்படி வழியாக மேலே போனார்.